ஈ டிரைவ்

போன மாத இடி
மோடம் வழியாக உள்ளே புகுந்து
பழைய கணினியைக் கருக்கிவிட்டுப் போனது.
பாடாங் செராய்க்கு இடி புதிதில்லை.
பிளக்கைப் பிடுங்காமல்
மீன் வாங்கப் போனது என் பிழை.

சுங்கை பட்டாணி ரிப்பேர்க்காரன்
வட்டைக் காதருகே வைத்துக் கேட்டான்.
"இது இருமுதுக்கா" என்றான்.
பாதிதான் மீண்டது.

அதனால்தான் இந்தக் கறுப்புப் பெட்டி.
இருநூற்று முப்பத்தொன்பது வெள்ளி,
சோப்புக்கட்டி அளவு.
ஒயரைச் சொருகிக்கொண்டிருப்பவன் யுகேந்திரன்.
எதிர்க்கடையில் கைத்தொலைபேசி பழுது பார்க்கிறான்,
நாள் கூலிக்கு.
மாதச் சம்பளத்துக்கு அடையாள அட்டை கேட்பார்கள்.

என் கடைப் பலகையில்
நகல், லேமினேட், பாரம் நிரப்புதல் என்றிருக்கும்.
பலகையில் இல்லாதது இன்னொன்று:
செம்பனைக்கு நடுவே இன்னும் நிற்கும் லயங்களிலிருந்து
பிளாஸ்டிக் பையில் சுருட்டி வரும் காகிதங்கள்.
கிராணி கையெழுத்திட்ட துண்டு,
தடுப்பூசி அட்டை,
இரண்டாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு.
ஸ்கேன் செய்து, மனு அடித்து,
அசலைத் திருப்பிக் கொடுப்பேன்.
அசல் கரையானுக்குப் போகும்,
வெள்ளத்துக்குப் போகும்,
ஒரு தடவை புருஷன் கோபத்தில் அடுப்புக்கே போனது.
பிறகு வருவார்கள்:
"ஒங்ககிட்ட ஒன்னு இருக்குமேக்கா."

இருந்தது. பதினொரு வருஷமாய்.

"இதிலுள்ள எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா?"
திரை கேட்டது.
எதுவுமே இல்லாததை எப்படி அழிக்கும் என்றேன்.
"சும்மா கேக்கும்க்கா" என்று சம்மதித்தான்.
பெயர் கேட்டது.
கட்டத்தைக் காலியாகவே விட்டான்.

அவன் பிறப்புச் சான்றிதழில்
தகப்பன் பெயருக்கான கட்டத்தில்
மக்லுமாட் திடாக் டிப்பெரோலேஹி.
தகவல் கிடைக்கவில்லையாம்.
அந்தத் தகப்பன் நேற்றுகூட
என் கடை வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு
நாலு நம்பர் எழுதப் போனான்.

ஒரு நொடிதான்.
பெட்டி உள்ளே தெரிந்தது: ஈ.
"பாத்தீங்களா, யார் எவர்னு கேக்காம
லெட்டர் குடுத்துருச்சு" என்று சிரித்தான்.
ஈ என்றால் கொடு என்றும் பொருளடா என்றேன்.
பூச்சி என்று மட்டும்தான்
அவனுக்குப் படித்த ஞாபகம்.

நகலெடுக்க ஆரம்பித்தது.
ஆறு மணி நேரம் மீதம் என்றது,
பிறகு நாற்பது நிமிடம்,
பிறகு இரண்டு நாள்.
பெயர்கள் வரிசையாய் ஓடின,
ஆங்கில அகர வரிசையில்.
அமிர்தவல்லி. அழகப்பன். பவளக்கொடி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைக் கோடு நீண்டு நின்றது.

வியாழக்கிழமை அவன் பதிவிலாகாவுக்குப் போகிறான்.
மருத்துவச்சி பாத்திமாவின் கடிதம் வேண்டும்,
லயத்தில் பிறந்தான் என்பதற்கு.
அசல் அவர்கள் கோப்பில் காணாமற்போனது.
பாத்திமா போன நோன்பு மாதத்தில் இறந்துவிட்டார்.
"ஒங்ககிட்ட இருக்குல்ல,
அப்பறம் எனக்கென்ன பயம்."

நான் பார்த்துவிட்டேன்.
மீண்ட பாதியில் அவன் பெயரில் உறை இருக்கிறது.
உள்ளே பூஜ்ஜியம்.
மூன்று நாளாய்ச் சொல்ல வாயெடுக்கிறேன்,
மூன்று நாளாய் யாராவது நகலெடுக்க வருகிறார்கள்.

"இந்தப் பெட்டிய இங்கயே வைக்காதீங்கக்கா,
அடுத்த இடி ரெண்டையும் சேத்துக் கொண்டுபோயிரும்.
வீட்டுல அரிசி டின்னுல வைங்க."
சரி என்றேன்.
"அந்தப் பழசுல ரொம்பப் போச்சா?"
கொஞ்சம் என்றேன்.

கண்ணம்மா. லோகாம்பாள்.
எம் வந்துவிட்டது. மாயவன்.
வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
பிளக்கைப் பிடுங்கலாமா என்று கேட்டேன்.
பாதியில் பிடுங்கக் கூடாது என்றான்.
தே ஓ ஐஸ் வாங்கிக் கொண்டு வா,
நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப்போட்டான்.
"இருங்கக்கா," என்றான்,
"எம்பேரு வரட்டும்."